ஒரு விரற்கடை இடம்

“இந்த அம்மா ஒருத்தியால நிலையமே திறக்காம கிடக்குது.”

கேன்டீனில் அவள் காதில் விழும்படியாகவே பேசிக்கொண்டார்கள். அவளிடம் வேலை கற்றுக்கொண்டவன் இப்போது அவளுக்கே மானேஜர். அந்த வயிற்றெரிச்சல்தான் காரணம் என்று முடிவும் கட்டிவிட்டார்கள். அவளுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் முட்டுக்கட்டை.

வயிற்றெரிச்சலே இல்லை என்று அவளாலும் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் குழாய் விஷயம் வேறு.

ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் அவள் வேலை. அணுமின் நிலையத்தில் எந்தக் குழாய் எவ்வளவு தாங்கும், தரை குலுங்கினால் எந்த மூட்டு முதலில் விட்டுப்போகும் என்று கணக்குப் போட்டுப் போட்டே தலை நரைத்தவள். கொதிக்கிற நீர் ஓடும்போது இரும்பு நீளும். அது நீளுவதற்காக, குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை இடம் விடவேண்டும். வரைபடத்தில் அவள் விட்டிருந்தாள். கட்டுகிறபோது யாரோ அதையும் சேர்த்து வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். நேரில் போய்த் தடவிப் பார்த்தாள். நகம்கூட நுழையவில்லை.

வெட்டி எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டச் சொன்னாள். அப்படிச் செய்தால் திறப்புவிழா தள்ளிப்போகும்.

மானேஜர் கூட்டம் போட்டான். எதையும் வெட்ட வேண்டாம், கணக்கில் தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், எண் வரம்புக்குள் அடங்கிவிடும் என்றான்.

“எண் அடங்கிடும். தண்ணி கேக்குமா?”

“மேடம், உலகத்தையே நீங்க ஒருத்தர்தான் தாங்கிட்டு நிக்கற மாதிரி பேசாதீங்க.”

அறை சிரித்தது. அவள் தயார் செய்த பிள்ளைகளும் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

மறு வாரமே பழைய வரைபடங்கள் தூங்கும் அறைக்கு அவளை மாற்றினார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அவள் நாற்காலிக்கு வந்தவன் கணக்கில் சூட்டைக் குறைத்தான். மானேஜர் கையெழுத்துப் போட்டான். அவள் விடாமல் மேலிடத்துக்கு எழுதினாள். உங்கள் மானேஜரைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

“ஊர்ல எத்தனையோ பேர் நிம்மதியா இருக்காங்க. நமக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவலி?” என்றார் வீட்டுக்காரர். திறப்பு நாள் குறித்தாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மானேஜர் வீடு தேடி வந்தான், கை நிறையப் பழங்களோடு. வாசலிலேயே “அக்கா” என்றான். பதவி வந்த நாளிலிருந்து தொலைந்துபோயிருந்த அக்கா. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான், குழாயை வெட்டச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள். பாழாய்ப்போன மனசு, அதற்குள் இளகியும் விட்டது. உள்ளே வந்து உட்காரச் சொல்லி, காபி போடும்படி வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்தாள்.

மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றான். இன்ஜினியர் வேலை, அதே நிலையத்தில். அவள் மனதாரச் சந்தோஷப்பட்டாள். குழந்தையாகத் தூக்கி வைத்திருந்த பெண் ஆயிற்றே. அவன் முகத்தில்தான் அந்தச் சந்தோஷத்தைக் காணோம். அங்கே யாரை எந்தப் பிரிவில் போடுவது என்பதெல்லாம் உங்கள் கொழுந்தனார் கையில்தானே இருக்கிறது என்று இழுத்தான்.

“ஆமா. அதுக்கென்ன இப்போ?”

“அந்தக் குழாய் போற கட்டடத்துல மட்டும் பாப்பாவைப் போட வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. வேற எங்க போட்டாலும் சரி.”



“குழாய் தாங்கும்னு நீதானேப்பா கையெழுத்துப் போட்டே?”

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் குரலைத் தாழ்த்தினான்.

“அது கையெழுத்துக்கா. இது பொண்ணு.”