குகை வைத்திருந்த பாட்டு

மரங்கொத்தியும் தவளையும் ஒரு காலத்தில் காட்டையே ஆடவைத்த ஜோடி. மரங்கொத்தி தாளம் போடும், தவளை பாடும். "என் குரல் யாருக்கும் கேட்கவில்லை" என்று ஒருநாள் தவளை கோபித்துக்கொண்டு போய்விட்டது. வயதான பிறகுதான் புதுப் பாட்டு போட இரண்டும் முன்பு பாடிய பழைய குகைக்குத் திரும்பி வந்தன.

பாடியதையெல்லாம் தனக்குள் வைத்திருக்கும் குகை அது. "முதலில் பழசைக் கேளுங்கள்" என்று அவற்றின் பழைய பாட்டை எடுத்துவிட்டது. பனிமூட்டத்தில் பாட்டு மிதந்து வந்தது. டொக் டொக்கென்று தாளம் மட்டுமே கேட்டது.

"இதில் நீ எங்கே பாடுகிறாய்?" என்றது மரங்கொத்தி.

"பாடிக்கொண்டுதான் இருக்கிறேன்."

மரங்கொத்திக்கு என்னவோ போலிருந்தது. "குகையே, என் சத்தத்தைக் கொஞ்சம் குறையேன்" என்றது. குகை குறைக்கக் குறைக்க, நீருக்கடியிலிருந்து எழுவதுபோல் தவளையின் குரல் மேலே வந்தது. ஒவ்வொரு கொத்துக்கும் நடுவே அது கூவியதும் கேட்டது: "சபாஷ்டா, மரங்கொத்தி!"

"இதை ஏன் சொல்லவே இல்லை?"

"ஒவ்வொரு தடவையும் சொன்னேனே!"

புதுப் பாட்டுக்கு நேரமாயிற்று. மரங்கொத்தி தாளம் போடும் கட்டையருகே போய் நின்றது. ஆனால் கொத்தவில்லை.

"நீ ஆரம்பி" என்றது. "கேட்டுக்கொண்டே வருகிறேன்."