பூஜ்யம் காட்டிய திரை

கிளைடர் விமானத்து இறக்கையின் தூக்குவிசையைக் காட்டும் புதுக் கருவியைச் செய்தவர் அவர். அதைப் பொருத்திக்கொண்டு மேலே பறந்தது அவர் மனைவி. அவரோ ஷெட்டுக்குள் உட்கார்ந்து, கருவி மேலிருந்து அனுப்பும் எண்ணைக் காட்டும் திரையைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூறில் நின்ற எண் மளமளவென்று நாற்பதுக்கு இறங்கியது. பிறகு பத்து.

"வேகம் போதல, கிளைடர் மூக்கைத் தாழ்த்தும்மா" என்றார் ரேடியோவில். பதில் இல்லை.

பூஜ்யம்.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். "ஏதாவது பேசும்மா. உன்னை அனுப்பியிருக்கவே கூடாது."

தோளில் ஒரு கை விழுந்தது.

"பேசுற ரேடியோ மட்டும் செத்துப்போச்சு, அதான் உடனே இறங்கிட்டேன்" என்றாள் மனைவி. "இன்ஜின் இல்லாத வண்டி, சத்தம் கேட்காதுதான். ஜன்னல் வழியா ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாமே? தரையில நிக்கிற இறக்கைக்குப் பூஜ்யம்தானே காட்டும். கருவி பாஸுங்க. நீங்கதான் ஃபெயில்."