மாத்திரை மேல் பழி

"படுக்கையே கதின்னு கிடந்த பொண்ணைத்தானே கூட்டிட்டு வந்தேன்? உங்க மாத்திரைதான் அவளைப் பைத்தியமாக்கிடுச்சு!"

தாம்பரம் கிளினிக்கில் ஜெயக்கொடி மேசையை ஓங்கித் தட்டினாள். மகள் தீபா ஒரு வாரமாகத் தூங்கவில்லை. ஓயாமல் பேசினாள், தெருவில் போனவர்களுக்கெல்லாம் நகையைக் கழற்றிக் கொடுத்தாள். இப்போது ஊசி போட்டு உள்ளறையில் படுக்க வைத்திருந்தார்கள். மருமகன் குமரேசன் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

"போலீஸுக்குப் போறேன், பாருங்க!"

"போங்கம்மா," என்றார் டாக்டர் ஜோஸ்வின். "மனசு ஒரு சமயம் அடியோட சோர்ந்தும், ஒரு சமயம் கட்டுக்கடங்காமலும் போற இருமுனைக் கோளாறு இருக்கிறவங்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தா, சோர்வு போய் இப்படி மறுபக்கம் திரும்பிடலாம். அதனாலதான் அன்னிக்கே கேட்டேன், இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படித் தலைகால் புரியாம இருந்தாங்களான்னு. ரெண்டு பேருமே இல்லைன்னீங்க."

ஜெயக்கொடிக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"பின்னே? காலேஜ்ல படிக்கும்போது இதே மாதிரி வந்துச்சுன்னு மாப்பிள்ளையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்? அவ வாழ்க்கை என்னாகிறது?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குமரேசன் நிமிர்ந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"நிச்சயத்துக்கு முன்னாடியே தீபா என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா அத்தை. எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா கூனிக்குறுகிப் போயிடுவீங்க, காட்டிக்கவே கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. டாக்டர் கேட்டப்போ, பெத்தவங்க நீங்க முதல்ல சொல்லுவீங்கன்னு உங்க முகத்தையே பாத்தேன். நீங்க இல்லைன்னீங்க. நானும் இல்லைன்னுட்டேன்."