கோட்டின் அளவு

"பேரை மட்டும் சொல்லுங்கண்ணே, நான் போயிட்டே இருக்கேன்."

தையல்காரர் நிமிரவில்லை. கையில் ஊசியோடு காஜா போடுவதில் மும்முரமாக இருந்தார். அவர் மடியில் கிடந்தது ஒரு கருநீலக் கோட். அதன் மார்பில் தேசியக் கால்பந்து அணியின் சின்னம்.

நிருபரின் கண்கள் அந்தக் கோட்டை விட்டு நகரவே இல்லை. அணிக்கு எந்தப் பயிற்சியாளர் வந்தாலும், முதல் நாள் மேடையேறும்போது போட்டுக்கொள்வது இந்தக் கடையில் தைத்த கோட்டைத்தான். இருபது வருட வழக்கம். மற்ற நிருபர்கள் எல்லாம் கால்பந்துச் சங்கத்தின் வாசலில் தவம் கிடக்க, கடையைத் தேடி வரலாம் என்று யோசித்தவர் இவர் ஒருவர்தான். அத்தனை பதற்றத்திலும் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

"தம்பி, சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்களே அறிவிக்கப் போறாங்க. அதுக்குள்ள என்ன அவசரம்?"

"அறிவிச்ச பிறகு சொல்றதுக்கு நான் எதுக்குண்ணே? போன தடவை தப்பான ஆளைச் சொல்லி ஊரே சிரிச்சுது. இந்தத் தடவை முதல்ல சொல்லணும், சரியாவும் சொல்லணும், ரெண்டுல ஒண்ணு தவறினாலும் நாளையிலேருந்து வர வேணாம்னு ஆசிரியர் சொல்லிட்டார்."

ஒரு மாதமாக இதே பேச்சுதான். நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ஒரு கட்சி 'மதில்' பக்கம். அவர் பழைய கோல்கீப்பர், எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். இன்னொரு கட்சி 'பம்பரம்' பக்கம். அவர் பழைய நடுக்கள ஆட்டக்காரர், கூட்டத்தில் நின்றால் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பந்தையே தொடாதவர்கள்கூட டிவியில் உட்கார்ந்து இந்த இரண்டு பேருக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை தம்பி. தொழில்னு ஒண்ணு இருக்கு பாருங்க." தையல்காரர் நூலைக் கடித்து அறுத்தார். எழுந்து, கோட்டை உதறி, ஹேங்கரில் மாட்டினார்.

நிருபர் எட்டிப் பார்த்தார். கோட்டின் கை சின்னதாக இருந்தது. நடுத்தர உயரமுள்ள அவருக்கே அது மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நின்றுவிடும். மதிலுக்குப் போட்டால் முழங்கையைத் தாண்டாது.

"அண்ணே, இது பம்பரத்துக்கு!"

"நான் எதுவும் சொல்லலையே."

"நீங்க சொல்லவே வேணாம்ண்ணே!"

தையல்காரர் அந்தப் பக்கம் திரும்பி இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், நிருபர் ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

இரண்டு மணிக்கு அவர் சேனலில் செய்தி போனது. இரண்டரைக்குச் சங்கம் மறுத்தது. 'ஆதாரமற்ற வதந்தி' என்றது. மூன்று மணிக்கு எதிர்ச் சேனல் 'மதில்தான், உறுதி' என்று அடித்துச் சொன்னது.

ஆசிரியர் கூப்பிட்டார். "யோவ், சங்கமே இல்லைங்குது. ஆறு மணிக்கு வேற பேரு வந்துச்சுன்னா என் முகத்துலயே முழிக்காதே."

மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, அந்தச் சேனல்ல உங்களைக் கிழிகிழின்னு கிழிக்கறாங்க. இந்தத் தடவையாவது பார்த்துத்தானே சொன்னீங்க?"

"கண்ணால பார்த்தேன்மா." வீட்டுக் கடன், மகளின் கல்லூரி எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்து நின்றன.

அலுவலகத்தில் இருக்கப் பயம். வீட்டுக்குப் போகவும் பயம். ஐந்து மணிக்கு மறுபடியும் தையல் கடைக்கே வந்து சேர்ந்தார்.

"அண்ணே, சங்கம் மறுக்குதுண்ணே!"

"மறுக்கத்தான் செய்வாங்க. உட்காருங்க, தண்ணி குடிங்க."

கடை டிவியில் சங்கத்தின் வாசல் தெரிந்தது. செய்தியை நம்பி ஜனம் கொடியும் மேளமுமாகத் திரண்டிருந்தது. "பம்பரம்! பம்பரம்!" என்ற கூச்சலில் அங்கிருந்த நிருபர்கள் பேசுவதே கேட்கவில்லை. அவ்வளவு பேரையும் ஏமாற்றியவன் என்று பெயர் வந்தால் இந்த ஊரில் தெருவில் நடக்க முடியாது.

ஆறு மணி. செயலாளர் மைக் முன்னால் வந்தார். முகத்தைத் துடைத்தார். காகிதத்தைப் பிரித்தார். மறுபடியும் முகத்தைத் துடைத்தார்.

அவர் படித்தது பம்பரத்தின் பெயரை.

நிருபர் தையல்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆசிரியரின் அழைப்பு வந்தது. "ராஜா, நீதான்யா ஆளு! அத்தனை பேரும் மறுத்தும் அசையாம நின்னியே!"

சற்று நேரத்தில் தையல்காரரின் போனும் அடித்தது. கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்ததால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டார்.

"மாஸ்டர், சங்கத்துலேருந்து செயலாளர் பேசறேன். மத்தியானம் வரைக்கும் மதில்னுதான் இருந்தோம். எந்தப் புண்ணியவானோ டிவில பம்பரம்னு கொளுத்திப் போட்டுட்டான். வாசல்ல கூட்டம் தாங்கலை. இனி மாத்திச் சொன்னா கட்டடமே மிஞ்சாதுன்னு கடைசி நிமிஷத்துல பம்பரத்தையே போட்டுட்டோம்."

நிருபரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது.

"விஷயம் கசியக் கூடாதுன்னு இந்தத் தடவை உங்களுக்குக்கூட கோட்டுக்குச் சொல்லலை, கோவிச்சுக்காதீங்க. நாளைக்குக் காலையில மேடை. அளவெடுக்க அவரை எப்போ அனுப்பட்டும்?"

"அனுப்ப வேணாம் சார். அவரு வந்தா நல்லா இருக்கும்னு போன வாரமே கண்ணளவுல துணி வெட்டிட்டேன். இப்ப இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கேன், ஆளை விட்டு வாங்கிக்குங்க."