ஓரத்தில் ஒரு கையெழுத்து

படிக்காமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டர்.

அவள் தாளின் ஓரத்தை மட்டும் தூக்கித் தூக்கிக் காட்டினாள்.

"இங்க ஒண்ணு சார். இங்க ஒண்ணு."

நாற்பத்தெட்டுப் பக்கம். அச்சுக்குப் போகும் முன் எல்லாப் பக்கத்தையும் பார்த்து, வேலை கொடுத்தவரே சரி என்று கையெழுத்திட வேண்டும். அவளுடைய தட்டச்சு, அச்சுக் கடையில் அது வழக்கம். கல்யாணப் பத்திரிகைக்கும் அதுதான், மாணவர்களின் ஆய்வேட்டுக்கும் அதுதான்.

"ஒரு தடவ முழுசா பாத்துருங்க சார்" என்று இரண்டு முறை சொல்லியும் பார்த்தாள்.

மூன்றாம் பக்கத்தில் மட்டும் நின்றார். அதில் அவருடைய படம் இருந்தது.

"மூஞ்சி கொஞ்சம் கறுப்பா விழுந்திருக்கு. வெளுப்பாக்கிடும்மா."

வெளுப்பாக்கினாள்.

குற்றம் குறைந்த பல்கலைக்கழக நகரம். அட்டையில் தங்க எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. முதலாண்டுப் பிள்ளைகளின் பெற்றோர் வருகிற அன்று, பல்கலைக்கழக அரங்கில் ஒவ்வொரு நாற்காலியிலும் இந்தப் புத்தகம் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அதே மேடையில் அவருக்கு விருது.

குற்றம் எப்படிக் குறைந்தது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. குறைத்ததே அவள் விரல்கள்தான்.

காவல் நிலையத்துக்கு நேர் எதிரே கடை. புகார் கொடுக்க வருகிறவர்கள் அவளிடம் மனுவை அடித்து வாங்கிக்கொண்டு சாலையைக் கடப்பார்கள். பத்து நிமிடத்தில் முகம் தொங்கத் திரும்பி வருவார்கள்.

'செல்போனைப் பிடுங்கினார்கள்' என்பதைத் 'தொலைத்துவிட்டேன்' என்று மாற்ற வேண்டும். 'அடித்தார்கள்' என்பதை 'வழுக்கி விழுந்தேன்' என்று மாற்ற வேண்டும். பிடுங்கினால் வழக்கு. தொலைந்தால் வெறும் ரசீது. ரசீதுகளை யாரும் எண்ணுவதில்லை.

மாற்றிக் கொடுப்பாள். காவல் நிலையத்தைப் பகைத்துக்கொண்டு அதன் எதிரே கடை நடத்த முடியுமா?

ஆனால் முதலில் அடித்ததைக் கணினியிலிருந்து அழிக்கமாட்டாள். தொழில் புத்தி. பழையதே இருக்கட்டும் என்று மறுநாள் வந்து நிற்கிறவர்கள் உண்டு.

அப்புறம் ஒரு நாள் சுடர்மதியின் மனு. சுடர்மதி அவள் மகள். அப்போது எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு.

விடுதிச் சாலையில் கறுப்பு பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் பையைப் பிடித்து இழுத்தார்கள். பட்டை கையில் சிக்கிக்கொண்டது. அவர்கள் வண்டியை நிறுத்தவில்லை. தபால் நிலையம் வரைக்கும் தாரில் இழுபட்டுப் போனாள்.

அதையும் பெற்றவள்தான் மாற்றி அடித்தாள். பெண்ணின் பேர் கெடும், கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும் என்று நிலையத்தில் பயமுறுத்தினார்கள். பயந்தாள். 'நடந்துபோகையில் கால் இடறி விழுந்தேன். பையைக் காணவில்லை.' ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி மயக்கத்தில் கிடந்த மகளுக்குத் தாளின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அவளும் போட்டாள்.

பதினேழாம் நாள், அதே சாலை. அதே கறுப்பு பைக். வேறொரு பெண்.

அன்றைக்குப் பெற்றவள் சாலையைக் கடந்து போய், காவல் நிலையம் அதிரக் கத்தினாள். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. மனுவை எடுத்து வரச் சொல்லி, அதன் அடியில் விரலால் தட்டினார்.

"உம் பொண்ணு கையெழுத்துதானம்மா இது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சுடர்மதி இப்போதும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். ஆய்வகம் மூன்றாம் மாடியில் இருக்கிறது. படிப்பை விட்டுவிட்டாள்.

பெற்றவளுக்கு நியாயமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. அந்த ஆளின் முகம் தொங்க வேண்டும். அதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். இரண்டு வருடமாக அவள் சாமியிடம் கேட்டது இது ஒன்றைத்தான்.

சாமி அவரையே கடைக்கு அனுப்பி வைத்தது, புத்தகம் போட.

நான்காம் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவர் கொடுத்த ஊர்வலப் படங்கள் இல்லை. குற்றக் கணக்கு இறங்குமுகமாகப் போகும் வரைபடக் கோடுகள் இல்லை. இருநூற்றுப் பதினான்கு மனுக்கள் இருந்தன. எல்லாமே முதலில் அடித்தவை. பெயர்களை எடுத்துவிட்டாள். தேதியையும் தெருவையும் அப்படியே விட்டாள். தன் படத்தைத் தாண்டி அவர் கண் ஒரு பக்கம் போயிருந்தால் அவள் கதை அன்றே முடிந்திருக்கும்.

போகவில்லை.

விழா பதினோரு மணிக்கு. ஒவ்வொரு நாற்காலியிலும் புத்தகம் இருந்தது.

பதினொன்றரைக்கு நிலையத்து ரைட்டர் போனில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். பக்கத்துக் கடையில் ஒரு டீ வாங்கி ஆற அமரக் குடித்தாள்.

பன்னிரண்டேகாலுக்கு இன்ஸ்பெக்டரே வந்தார். மாலையிலிருந்து உதிர்ந்த சம்பங்கி ஒன்று தோள்பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது. புத்தகத்தை மேசைமேல் எறிந்தார்.

"உன்ன உள்ள தள்ளாம விடமாட்டேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. டிராயரைத் திறந்து நாற்பத்தெட்டுத் தாள்களையும் எடுத்து வைத்தாள். சுடர்மதியின் மனு இருந்த பக்கத்தைத் தேடித் திருப்பி, அதன் அடியில் விரலால் தட்டினாள்.

"உங்க கையெழுத்துதானே சார் இது?"

அவர் குனிந்தார். முதல் தடவையாக ஒரு வரி விடாமல் படித்தார்.

முகம் தொங்கியது.

கிட்டே இருந்து பார்த்தாள். போதவில்லை.

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்மேல கம்ப்ளெயின்ட் குடுக்கணும்ல சார்? சொல்லுங்க, அடிச்சுத் தரேன். மானத்தப் பிடுங்கிட்டாங்கன்னு போடவா? இல்ல, தொலைச்சுட்டேன்னு போடவா?"