சனிக்கிழமை கொரியன் வகுப்பு

"ரெண்டு வருசம். ஒரு சனிக்கிழமை தவறாம. என் மகளுக்கு கொரியன்ல ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த தெரியுமான்னு கேளுங்க. அந்தா உக்காந்திருக்கா. அவகிட்டயே கேளுங்க."

முத்துலிங்கம் மைக்கைக் கேட்டு வாங்கவில்லை. பிடுங்கிக்கொண்டார்.

ஹான் டொக்டர் இறந்து முப்பத்தோராம் நாள். கண்டி கட்டுகலையில் ஒரு சின்ன மண்டபத்தில் நினைவுக் கூட்டம். கொரியாவில் பிறந்து, கண்டிக்கு வந்து, இருபத்தாறு வருஷம் இங்கேயே இருந்து, இங்கேயே கண்ணை மூடிய மனநல வைத்தியர். யாரைக் கண்டாலும் "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று நம் ஆட்களைப் போலவே கேட்பார்.

வீட்டின் கீழே கிளினிக். மேல்மாடியில் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் கொரியன் வகுப்பு. கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழிப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும் அல்லவா, அதனால் வகுப்புக்குக் கூட்டம் குறையவில்லை. கிளினிக்கில்தான் டொக்டர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வாசலில் நிற்பதை நாலு பேர் பார்த்தால் போதாதா, நம் ஊருக்கு?

கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ராஜலிங்கம். "டொக்டரோட படத்த நம்ம மஹய்யாவ சனசமூக நிலையத்துல மாட்டணும்" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, முத்துலிங்கம் எழுந்துவிட்டார். அவர்தான் அந்த நிலையத்தின் தலைவர். குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஹயருக்கு, அதாவது வாடகைக்கு, ஓட்டோ ஓட்டுகிறவர். பஸ் ஹோர்னை அடக்கும் குரல். அவருக்கு மைக்கே தேவையில்லை.

"செத்த மனுசனப் பத்தி இப்பிடிப் பேசலாமா முத்துலிங்கம்?"

"செத்துட்டா செஞ்ச பித்தலாட்டம் இல்லன்னு ஆகிருமா மாஸ்டர்? பக்கத்து வீட்டுப் பொடியன் வேற எடத்துல ஆறே மாசம் படிச்சான். இன்னைக்குக் கொரியாவுல இருக்கான். இவ பரீட்சை எழுதவே மாட்டேங்குறா. ஒண்ணும் தெரியாதாம்."

கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்த மாடி வகுப்புக்குப் போன ஆளுங்க எல்லாம் கையத் தூக்குங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கை, இரண்டு கை என்று தயங்கித் தயங்கி முப்பது கைகளாவது எழுந்திருக்கும்.

"சோத்துக்கு கொரியன்ல என்ன? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க."

தலைகள் குனிந்தன.

"தண்ணிக்கு?"

கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

"பாத்தீங்களா? ஹபீல் நானா, இவ்வளவு பெரிய புடவைக் கடைய வச்சிக்கிட்டு நீங்க எந்தக் கொரியாவுக்குப் போக இருந்தீங்க? வேலாயி அக்காவுக்கு அறுபத்திரெண்டு வயசு. அவங்களயும் விட்டு வைக்கல அந்த ஆளு. இந்த மூஞ்சிக்கு மாலை வேற. என் நிலையத்துல இது தொங்காது."

மேடையில் மாலையோடு இருந்த டொக்டர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பக் கையை நீட்டினார்.

"தொடாதீங்கப்பா."

அவர் மகள் யோகேஸ்வரி எழுந்து நின்றாள். வீட்டில் அப்பா குரலை உயர்த்தினால் சமையலறைக்குள் போய்விடுகிற பெண். இன்று நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"அந்த வகுப்புல கொரியன் சொல்லிக் குடுக்கல."

"அதத்தானே நானும் கத்திக்கிட்டு இருக்கேன்."

"யாரும் கொரியன் படிக்கப் போகவும் இல்ல."

முத்துலிங்கத்துக்கு விளங்கவில்லை.

"மத்தவங்க எதுக்குப் போனாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். என்னப் பத்தி மட்டும் சொல்றேன். அம்மா செத்த வருசம் எனக்குத் தூக்கம் போச்சு. சோறு எறங்கல. மகாவலி ஆத்துல விழுந்துரலாமான்னுகூட நெனச்சேன். ஒரே ஒரு நாள் கீழ் வாசல் வழியா டொக்டர்கிட்ட போனேன். நீங்க தேடி வந்து என்ன சொன்னீங்க? சொல்லுங்கப்பா, மைக் உங்க கையிலதானே இருக்கு."

அவளே சொன்னாள்.

"'என் மக பைத்தியமா? இனிமே இந்தப் படிய மிதிச்சா கால முறிச்சிருவேன்.' தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனீங்க. டொக்டர் ஒண்ணுமே பேசல. அடுத்த வாரம்தான் மேல்மாடியில அந்த போர்டு தொங்குச்சு. வகுப்பு நோட்டீஸ குட்ஷெட்டுக்கே வந்து மொதல்ல உங்க கையிலதான் குடுத்தார். மொத சனிக்கிழமை அந்த வகுப்புல நான் ஒருத்திதான் இருந்தேன்."

மூன்றாம் வரிசையில் ஹபீலின் கை மறுபடி மேலே போனது. அவருக்குப் பின்னால் வேலாயியின் கை. இந்தத் தடவை யாரும் தூக்கச் சொல்லவில்லை.

"அப்ப... இந்த ரெண்டு வருசமும்?" முத்துலிங்கம் மெதுவாகத்தான் கேட்டார். மைக் வாய்க்கு நேராக இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"படிச்சிக் குடுக்கத் தெரியாதவன், பித்தலாட்டக்காரன்னு ஊர் முழுக்க ஏசுனீங்க. எங்க மானம் போயிரும்னு அவர் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. அந்தப் பேரோடயே செத்துப் போயிட்டார்."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவை நேராகப் பார்த்தாள்.

"கொரியன் வகுப்புன்ன ஒடனே, வந்த ஹயரயெல்லாம் விட்டுட்டு, ரெண்டு வருசமா சனிக்கிழமை சனிக்கிழமை என்னய ஓட்டோவுல ஏத்தி அந்த டொக்டர்கிட்ட கொண்டாந்து விட்டது நீங்கதான்ப்பா."