தடை உத்தரவு

"இன்ஷூரன்ஸ் இல்லாத கார் இடிச்சிருக்கு. கேஸ் ஜெயிச்சாலும் கைக்கு ஒண்ணும் வராமப் போகலாம். மனசைத் தேத்திக்கிட்டுக் கேளுங்க ஐயா" என்றார் வக்கீலம்மா.

எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில், சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு ஒரு பெரியவர். இன்னொன்றில் ஓர் இளம்பெண். அவள் மடியில் விரிசல் விட்ட ஹெல்மெட். அவள் கணவன் வீடு வீடாகப் போய் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். பக்கவாட்டில் வந்த அவன் பைக்கைப் பார்க்காமல் திரும்பிய கார் ஒன்று அவனை அந்த இடத்திலேயே கொன்றுவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்ததற்கே இன்னும் பால்பல் விழவில்லை.

வக்கீலம்மா விபத்துக் கேஸ் மட்டும்தான் எடுப்பார். படியேறும் செருப்புச் சத்தத்திலேயே ஆளை எடை போட்டுவிடுவேன் என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. புருஷனைப் பறிகொடுத்தவளோடு துணைக்கு வருகிறவர்களை அவர் நிறையப் பார்த்தாயிற்று. அண்ணன்காரன் வந்தால், எவ்வளவு சீக்கிரம் வரும் என்பான். மாமனார் வந்தால், எனக்கு எவ்வளவு வரும் என்பார். இந்தப் பெரியவரையும் அவர் வாசலிலேயே எடை போட்டு முடித்துவிட்டார்.

"ஜெயிச்சா எப்படிம்மா வராமப் போகும்?" என்று பெரியவர் கேட்டார்.

"கம்பெனி கட்டாது. கார் ஓனர்தான் சொந்தப் பணத்துல கட்டணும். லேசுல கட்டுவானா? கேஸ் வரப்போகுதுன்னு மோப்பம் பிடிச்சதுமே சொத்தை எல்லாம் மச்சான் பேருக்கும் மாமியார் பேருக்கும் மாத்தி எழுதிடுவான். அப்புறம் தீர்ப்பை வெச்சு நாக்கு வழிக்கிறதா?"

"அதுக்குத்தாம்மா ஓடி வந்தோம். நாளைக்குக் காலைல மாத்தி எழுதப் போறாங்க. இருக்கறது ஒரே ஒரு வீடு. அது கைமாறிட்டா இந்தப் பொண்ணும் பிள்ளைங்களும் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"யார் சொன்னது?"

"நிச்சயமான தகவல்மா."

பரவாயில்லையே, கிழவர் நன்றாகத்தான் துப்புத் துலக்கியிருக்கிறார் என்று வக்கீலம்மா நினைத்துக்கொண்டார். ஆனாலும் இந்த வேகத்துக்குப் பின்னால் ஏதோ கணக்கு இருக்கும் என்று தோன்றியது. சோழியன் குடுமி சும்மா ஆடாது.

"முன்னாடியே சொல்லிடறேன். வர்ற பணத்தை இவ பேர்லயும் பிள்ளைங்க பேர்லயும் பேங்க்ல போட்டுடுவேன். நடுவுல யாரும் கை வைக்க முடியாது."

"அப்படித்தாம்மா செய்யணும்."

"உங்களுக்கும் ஒரு பங்கு கேக்கலாம்..."

"எனக்கா? ஐயையோ, ஒத்தைப் பைசா வேணாம்மா!" பெரியவர் பதறிப்போனார்.

வக்கீலம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. இப்படியும் ஒரு மாமனாரா! யானைக்கும் அடி சறுக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"நீ ஏம்மா வாயே திறக்கல? கேஸ் போட உனக்குச் சம்மதம்தானே?"

"வேணாம்னுதான் மேடம் இருந்தேன். போனவர் திரும்பியா வரப்போறாரு?" அவள் ஹெல்மெட்டின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "ஐயாதான் விடல. தினம் தினம் வாசல்ல வந்து நின்னாரு. முதல்ல நான் கதவைக்கூடத் திறக்கல. அப்பவும் போகாம நின்னாரு. பிள்ளைங்க முகத்தைப் பாரும்மான்னு சொல்லிச் சொல்லி அழுதாரு."

"கொடுத்து வெச்சவ நீ. இந்தக் காலத்துல பெத்த அப்பன்கூட இப்படி நிக்க மாட்டான்."

அவள் ஹெல்மெட்டின் விரிசலைத் தடவினாள். பெரியவர் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வக்கீலம்மாவும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காசுக்குப் பறக்கிற குடும்பங்களையே பார்த்துப் பார்த்துப் புளித்துப்போன மனசு அவருக்கு.

"ஐயா, கவலைப்படாதீங்க. இன்னைக்கே மனு போட்டு, கேஸ் முடியற வரைக்கும் வீட்டை விக்கவும் கூடாது, யார் பேருக்கும் மாத்தவும் கூடாதுன்னு தடை கேக்கறேன். ஆனா ஒண்ணு. கோர்ட்டு, வாய்தான்னு அலையறதுக்கு முன்னாடி அந்த ஓனரை நேர்ல பார்த்துப் பேசினா என்ன? மனுஷன் நல்லவனா இருந்தா தானாவே கொடுத்துடுவானே."

"கொடுக்க மாட்டான்மா." பெரியவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். "கெட்டவன் இல்ல. கோழை. ராத்திரி தூங்க மாட்டான், சோறு இறங்காது, கொடுத்துடணும்னு நூறு தடவை நினைப்பான். ஆனா வீட்டுல நாலு பேர் சூழ்ந்து நின்னுட்டா வாயில மண்ணு. அவனை நம்பாதீங்க. கோர்ட்டு கட்டிப்போட்டாத்தான் உண்டு."

"சரி, அப்படின்னா கட்டிப்போட்டுடுவோம்." வக்கீலம்மா உற்சாகமாகப் பேனாவைத் திறந்தார். "யார் மேல தடை கேக்கறோம்னு முதல்ல எழுதணும். ஓனர் பேரு என்ன?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் பேரைத்தாம்மா எழுதணும். காரை ஓட்டினது என் பையன்" என்றார் பெரியவர். "நாளைக்கு அவன் வந்து 'அப்பா'ன்னு அழுதா, நான் கையெழுத்துப் போட்டுடுவேன்."